இழந்த கையும் இழக்கக்கூடாத வேலையும்

(மன்றத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



மொழியைப் பற்றியும் சமயத்தைப் பற்றியும் இம்மேடையிலே பேசுவதற்கு என்னிலும் தகுதி வாய்ந்தோர் பலர் இங்கு அமர்ந்திருக்கின்றனர். பல்கலைக்கழகத்தில் இன்னும் மாணவப் பருவத்தில் இருக்கும் எனக்கு, படிப்பிலே கண்ட ஒன்றை ஊருக்கு எடுத்துச் சொல்வதே பொருத்தமெனப் பட்டது. உழைத்துண்ணும் ஒருவருக்கு உடலிலே குறையொன்று நேர்ந்தால், அவருடைய வேலைக்கு இந்நாட்டுச் சட்டம் என்ன பாதுகாப்பு அளிக்கின்றது? எங்கே கைவிடுகின்றது? அதையே இன்று பேச வந்தேன்.

"இதனை நீதிமன்றத்திலே பேசலாம், இளைஞர் மன்றத்திலே ஏன் பேச வேண்டும்?" என்று யாரேனும் கேட்கக்கூடும். நாம் உடலை நம்பி வாழும் மக்கள். கிழக்கே கடல், மேற்கே வயல், தெற்கே மருதமுனையிலே தறிகள், அப்பால் கல்முனையிலே கடைகளும் கந்தோர்களும். நம்மவரிற் பலர் மேசன் வேலைக்கும், தச்சு வேலைக்கும், அரிசி ஆலைக்கும், மத்திய கிழக்கு நாடுகளுக்கும் போகின்றனர். கை, கால், கண் ஆகிய மூன்றுமே இவர்களுடைய முதல். அந்த முதலுக்குச் சேதம் வந்தால் குடும்பத்தின் அடுப்பு அணைகின்றது.

அங்கவீனம் என்றவுடன் பிறவியிலேயே பார்வையற்றவரும், பேச்சற்றவரும், நடக்க முடியாதவரும் மாத்திரமே நம் நினைவுக்கு வருகின்றனர். ஆனால் நடுவயதிலே வந்து சேரும் குறைகளே நம்மிடையே எத்தனை! இயந்திரத்திலே கை அகப்படுகின்றது. சாரத்திலிருந்து விழுந்து முள்ளந்தண்டு முறிகின்றது. சலரோகம் முற்றிக் காலை எடுக்க நேர்கின்றது. பாரிசவாதத்தினால் ஒரு பக்கம் செயலிழக்கின்றது. நீண்ட போரும், 2004 டிசம்பர் 26 ஆம் நாள் வந்த ஆழிப்பேரலையும் நமது கரையோரத்திலே விட்டுச்சென்ற காயங்களை நான் சொல்லித்தான் நீங்கள் அறியவேண்டும் என்பதில்லை. 2012 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி, இலங்கையில் 5 வயதும் அதற்கு மேற்பட்டோருமானவர்களில் 8.7 வீதத்தினர் ஏதோ ஒருவகை இயலாமையுடன் வாழ்கின்றனர். யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். இன்று திடமாயிருக்கும் நமக்கும் நாளை இது நேரலாம் என்ற நினைவோடு இவ்விஷயத்தைக் கேட்கும்படி வேண்டுகின்றேன்.

விளங்குவதற்கு எளிதாக, நாமே ஒரு மனிதரைக் கற்பனை செய்துகொள்வோம். அவர் அரிசி ஆலையொன்றில் ஆறு ஆண்டுகளாக வேலை செய்கின்றார். ஒருநாள் ஓடும் இயந்திரப் பட்டியில் வலக்கை அகப்பட்டு மணிக்கட்டோடு போய்விடுகின்றது. வைத்தியசாலையிலிருந்து வீடு வந்து சேர்கின்றார். இவருக்குச் சட்டம் என்ன சொல்கின்றது?

முதலாவது, 1934 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம். வெள்ளைக்காரர் ஆட்சியிலே பிறந்து, பலமுறை திருத்தப்பட்டு, இன்றும் நடைமுறையில் உள்ளது. வேலையின் காரணமாகவும் வேலை நேரத்திலும் ஏற்பட்ட விபத்தினால் ஒருவர் காயமடைந்தால், அவருடைய முதலாளி நட்டஈடு கொடுக்கவேண்டும் என்பதே இதன் சாரம். முதலாளியின் கவலையீனத்தை நிரூபிக்கவேண்டிய கடமை தொழிலாளிக்கு இல்லை. எந்தெந்த உறுப்பு போனால் உழைக்கும் சக்தியில் எத்தனை வீதம் போனதாகக் கொள்ளவேண்டும் என்று அட்டவணையே உண்டு. 2022 ஆம் ஆண்டுத் திருத்தத்தினால் நட்டஈட்டின் உச்சத்தொகை 5,50,000 ரூபாவிலிருந்து 20,00,000 ரூபாவாக உயர்ந்தது. வேலைக்குப் போகும் வழியிலும் திரும்பும் வழியிலும் நேரும் விபத்துக்களும் அத்திருத்தத்தினாற் சேர்க்கப்பட்டன. சைக்கிளிலும் மோட்டார் சைக்கிளிலும் கல்முனைக்குப் போய்வரும் இளைஞர்கள் இதனை மனதில் வைத்துக்கொள்ளல் நன்று.

ஆகவே நம் ஆலைத் தொழிலாளிக்குக் கைக்கு ஈடாக ஒரு தொகை கிடைக்கும். நல்லது. ஆனால் அவருடைய வயது முப்பத்தைந்து என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்னும் இருபத்தைந்து ஆண்டுகள் அவர் உழைக்கவேண்டியவர். நட்டஈட்டுப் பணம் வைத்தியச் செலவோடும், பட்ட கடனோடும், பெண்பிள்ளையின் கலியாணத்தோடும் முடிந்துவிடும். பிறகு என்ன? அவர் கேட்பது, "எனக்கு ஒரு கை இருக்கிறது, கண் இருக்கிறது, கணக்குத் தெரியும், ஆலையின் வேலை முழுவதும் தெரியும், என்னை மறுபடி எடுத்துக்கொள்வார்களா?" என்பதே.

இங்கேதான் இரண்டாவது சட்டம் வருகின்றது. வேலையாட்களின் தொழிலை முடிவுறுத்தல் பற்றிய 1971 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்கச் சட்டம் அது. 15 அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளரை வைத்திருக்கும் தனியார் முதலாளி, ஒழுக்காற்றுக் குற்றம் அல்லாத வேறு காரணத்துக்காக ஒருவரை நிறுத்துவதாயின், அத்தொழிலாளியின் எழுத்து மூலமான சம்மதம் வேண்டும். அல்லது தொழில் ஆணையாளர் நாயகத்தின் முன் அனுமதி வேண்டும். 12 மாத காலத்தில் 180 நாட்களுக்குக் குறையாமல் வேலை செய்தவர்கள் இப்பாதுகாப்புக்கு உரியர். இதற்கு மாறாக நிறுத்தினால் அந்நிறுத்தம் செல்லாது. கையை இழப்பது ஒழுக்காற்றுக் குற்றம் அன்றே! ஆகவே, "உன்னால் இனி முடியாது, நாளை முதல் வரவேண்டாம்" என்று முதலாளி ஒரு சொல்லாற் சொல்லிவிட முடியாது.

சட்டம் இப்படி இருந்தும் வேலை போகின்றதே, எப்படி? இரண்டு வாசல்களால் போகின்றது. ஒன்று, எழுத்து மூலமான சம்மதம். காயம்பட்டவர் படுக்கையில் இருக்கும்போதே ஒரு தாளைக் கொண்டுவந்து, "இதில் ஒப்பம் வையுங்கள், காசு தருகின்றோம்" என்பார்கள். அந்தத் தாள் சில வேளைகளில் வேலையை விட்டு விலகும் கடிதமாக இருக்கும். மற்றது, "தானே வேலைக்கு வராமல் நின்றுவிட்டார்" என்ற குற்றச்சாட்டு. வைத்தியசாலையிலே கிடப்பவர் கந்தோருக்கு ஒரு கடிதமும் அனுப்பாவிட்டால், வேலையைக் கைவிட்டவராக அவர் எழுதப்படலாம். ஆகையால் வாசித்து விளங்காத தாளில் ஒப்பமிடுதல் கூடாது. காயம்பட்ட செய்தியையும் வைத்தியச் சான்றையும் பதிவுத் தபாலில் அனுப்பிப் பற்றுச்சீட்டை வைத்துக்கொள்ள வேண்டும். இவ்விரண்டும் சிறு செயல்கள். ஒரு குடும்பத்தின் சோறு இவற்றிலே தங்கியிருக்கின்றது.

15 பேருக்குக் குறைந்த இடங்களில் என்ன செய்வது? நமது பகுதிக் கடைகளும் தறிக்கூடங்களும் பெரும்பாலும் அப்படிப்பட்டவையே. அங்கே நியாயமின்றி நிறுத்தப்பட்டவர் தொழில் நியாயசபைக்கு விண்ணப்பிக்கலாம். 1950 ஆம் ஆண்டின் கைத்தொழிற் பிணக்குகள் சட்டத்திலே 1957 ஆம் ஆண்டுத் திருத்தத்தினால் உண்டான சபைகள் இவை. வேலை போய் ஆறு மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். பலர் முதலாளியின் மனம் இளகும் என்று காத்திருந்து, அந்த ஆறு மாதத்தையும் இழந்துவிடுகின்றனர். கேட்பது கேட்கட்டும், விண்ணப்பம் காலத்துக்குள் போகட்டும்.

இனி மூன்றாவது சட்டத்துக்கு வருவோம். அங்கவீனமுற்றோரின் உரிமைகளைப் பாதுகாப்பதற்கென்றே 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம் இயற்றப்பட்டது. அங்கவீனம் காரணமாக ஒருவருக்கு வேலைக்கு ஆட்சேர்ப்பதிலோ, கல்வி நிலையத்திற் சேர்ப்பதிலோ பாகுபாடு காட்டலாகாது என்று அதன் 23 ஆம் பிரிவு கூறுகின்றது. மீறப்பட்டால், பாதிக்கப்பட்டவர் தமது மாகாணத்தின் மேல் நீதிமன்றத்துக்கு மனுச்செய்து நிவாரணம் பெறலாம். நமக்கு மேல் நீதிமன்றம் தூரத்திலில்லை, கல்முனையிலேயே கூடுகின்றது.

இது பெருமைப்படத்தக்க சட்டமே. ஆயினும் அதன் சொற்களைச் சற்று நின்று நோக்குங்கள். "ஆட்சேர்ப்பு" என்றுதான் அச்சட்டம் பேசுகின்றது. வேலைக்கு வரும் வாசலிலே அது காவல் நிற்கின்றது. வாசலைக் கடந்து உள்ளே போனவருக்குப் பதவி உயர்வு மறுக்கப்பட்டால், அல்லது வேலையிலிருக்கும்போதே குறை நேர்ந்தவருக்கு அவரால் இயன்ற வேறு வேலை மறுக்கப்பட்டால், அதைப்பற்றி அப்பிரிவு தெளிவாக எதையும் சொல்லவில்லை. இன்னொன்றும் உண்டு. வாழ்க்கைத் தேவைகளைத் தாமாக முழுவதுமோ ஒரு பகுதியோ நிறைவேற்றிக்கொள்ள இயலாதவரே அங்கவீனமுற்றவர் என்று அச்சட்டம் பொருள் கூறுகின்றது. வேலை கேட்டு வருபவர், "என்னால் இயலும்" என்கின்றார். சட்டமோ, "உன்னால் இயலாது என்று முதலில் காட்டு" என்கின்றது. இந்த முரண்பாட்டை அறிஞர்கள் ஆராயட்டும். நமக்கு விளங்குவது, இச்சட்டத்துக்கு வயது முதிர்ந்துவிட்டது என்பதே.

அரசாங்க உத்தியோகத்துக்கு 1988 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கப் பொது நிர்வாகச் சுற்றறிக்கை ஒன்று உண்டு. தகைமையுள்ள அங்கவீனர்களுக்கு, வேலைக்குத் தடையில்லாதவிடத்து, அரசாங்க சேவையிலும் அரச கூட்டுத்தாபனங்களிலும் 3 வீத இடம் கொடுக்கவேண்டும் என்பது அதன் கருத்து. சுற்றறிக்கை என்பது மேலதிகாரி கீழதிகாரிக்கு எழுதும் கடிதம். சட்டத்துக்குள்ள பலம் அதற்கில்லை. ஆனாலும், படித்துவிட்டு வேலை தேடும் அங்கவீன இளைஞர் ஒவ்வொருவரும் தமது விண்ணப்பத்திலே இச்சுற்றறிக்கையின் இலக்கத்தைக் குறிப்பிட்டு எழுதுதல் வேண்டும். கேட்காத பிள்ளைக்குப் பால் இல்லை அன்றோ!

இப்பொழுது நம் ஆலைத் தொழிலாளியை மறுபடி பாருங்கள். போன கைக்கு ஈடு கொடுக்க ஒரு சட்டம் இருக்கின்றது. திடீரென்று நிறுத்தாமல் தடுக்க ஒரு சட்டம் இருக்கின்றது. புதிதாக ஒரு வேலை கேட்டுப் போனால் பாகுபாடு காட்டாதே என்று சொல்ல ஒரு சட்டம் இருக்கின்றது. ஆனால், "இவர் இருந்த இடத்திலேயே, இவரால் இயன்ற வேலையை, அதே சம்பளத்திற் கொடு" என்று முதலாளிக்கு நேராகக் கட்டளையிடும் சட்டம் நம் நாட்டில் இன்னும் இல்லை. நான் சொல்ல வந்தது இந்த இடைவெளியைத்தான்.

அயல்நாட்டைப் பாருங்கள். இந்தியாவின் 1995 ஆம் ஆண்டுச் சட்டத்திலே 47 ஆம் பிரிவு என ஒன்று இருந்தது. அரசாங்க ஊழியர் ஒருவருக்கு வேலைக்காலத்தில் அங்கவீனம் ஏற்பட்டால் அவரை நீக்கவோ பதவி இறக்கவோ கூடாது. அந்த வேலைக்கு இயலாவிட்டால் அதே சம்பளத்தில் வேறு வேலைக்கு மாற்ற வேண்டும். அப்படி ஓர் இடம் இல்லாவிட்டால் இடம் கிடைக்கும் வரை மேலதிகப் பதவியொன்றில் வைத்திருக்க வேண்டும் என்று அது விதித்தது. குணால் சிங் என்னும் காவற்படை வீரர் கடமையிலே காயமுற்று இடது காலை இழந்தார். இயலாதவர் என்று அவர் வேலையிலிருந்து நீக்கப்பட்டார். 2003 ஆம் ஆண்டு இந்திய உச்ச நீதிமன்றம் அவருடைய பக்கம் தீர்ப்பளித்தது. இயலாமை ஓய்வூதியம் கொடுக்கப்பட்டிருப்பதால் அவருக்கு இப்பாதுகாப்பை மறுக்க முடியாது என்றும் அம்மன்றம் கூறிற்று. ஓய்வூதியமும் வேலையும் ஒன்றல்ல என்பதை அத்தீர்ப்பு நாட்டிவிட்டது. இந்தியாவின் 2016 ஆம் ஆண்டுப் புதிய சட்டமும் அரசாங்க ஊழியருக்கு இப்பாதுகாப்பைத் தொடர்ந்து கொடுக்கின்றது.

அமெரிக்காவிலே 1990 ஆம் ஆண்டுச் சட்டம் தனியார் முதலாளிமாரையும் கட்டுப்படுத்துகின்றது. 15 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடங்களில், தகைமையுள்ள அங்கவீனருக்கு நியாயமான ஒழுங்குகளைச் செய்து கொடுக்க வேண்டும்; முதலாளிக்கு மிதமிஞ்சிய கஷ்டம் உண்டாகும் என்றால் மாத்திரமே விலக்கு உண்டு. ஐக்கிய நாடுகளின் 2006 ஆம் ஆண்டுச் சமவாயத்தின் 27 ஆம் உறுப்புரையும், வேலைக்காலத்தில் அங்கவீனமுற்றோர் உட்பட யாவருக்கும் வேலை உரிமையைச் சொல்கின்றது. அச்சமவாயத்தை இலங்கை 2016 ஆம் ஆண்டு பெப்ரவரியில் ஏற்றுக்கொண்டது. ஏற்றுக்கொண்ட வாக்கு நம் நாட்டுச் சட்டமாகி, ஆலை வாசலுக்கு வந்து சேரவேண்டாமா?

"நியாயமான ஒழுங்கு" என்றால் என்ன? நம் கண்ணுக்குத் தெரிந்த தறியைக் கொண்டே சொல்கின்றேன். கைத்தறி நெய்பவருக்குக் கையும் வேண்டும், காலும் வேண்டும். மிதிபலகையை மிதிக்காமல் நெசவு நடவாது. ஒரு காலை இழந்தவர் அத்தறியிலே முன்போல் நெய்ய முடியாது. ஆனால் ஒரு சேலை உருவாவது தறியில் மாத்திரமா? நூலுக்குச் சாயம் போடுதல், நூல் சுற்றுதல், துணியை அளந்து மடித்தல், கணக்கெழுதுதல், விற்பனை என்று எத்தனை வேலை! முப்பது ஆண்டு நெய்தவரின் கண்ணுக்குத் துணியின் குற்றம் தெரிவதுபோல் புதியவனுக்குத் தெரியுமா? அவரை நாற்காலியில் இருத்தித் துணி பார்க்கும் வேலையைக் கொடுத்தால், அவருக்கும் வேலை உண்டு, முதலாளிக்கும் இலாபம் உண்டு. இதற்குப் பெருஞ் செலவில்லை, மனம் வேண்டும், மனம் இல்லாதவிடத்துச் சட்டம் வேண்டும்.

முதலாளிமார் தரப்பிலும் நியாயம் உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. "நான் கடை நடத்துகின்றேன், தருமசாலை நடத்தவில்லை, இரண்டு பேர் வேலை செய்யும் இடத்தில் ஒருவரைச் சும்மா வைத்திருக்க எனக்கு எங்கே வசதி?" என்று சிறு கடைக்காரர் கேட்டால் அது வெறும் சாட்டு அன்று. சும்மா வைத்திருக்கும்படி எவரும் கேட்கவில்லை. இயன்ற வேலை இருந்தால் அதனை முதலில் அவருக்குக் கொடுக்கவேண்டும் என்பதே கோரிக்கை. சிறு முதலாளிக்குப் பாரம் அதிகமானால் அதில் ஒரு பங்கை அரசாங்கம் ஏற்கும் வழியையும் புதிய சட்டம் காணலாம்.

நான் படித்த மிஷன் பாடசாலையிலே இரக்கத்தைக் கற்றுத் தந்தார்கள். நம் வீடுகளிலே தருமத்தைக் கற்றுத் தந்தார்கள். இரண்டும் உயர்ந்த குணங்கள். ஆயினும் இரக்கமும் தருமமும் கொடுப்பவர் கையிலே இருக்கின்றன. அவர் மனம் மாறினால் அவையும் மாறும். உரிமையோ பெறுபவர் கையிலே இருக்கின்றது. ஐந்து கிலோ அரிசியை வீட்டு வாசலிலே கொடுத்துப் படம் பிடிக்கின்றோம்; அதே மனிதர் வேலை கேட்டு வந்தால் "பார்ப்போம்" என்று அனுப்புகின்றோம். அரிசியை வாங்கியவர் தலை குனிந்து போகின்றார். சம்பளம் வாங்கியவர் தலை நிமிர்ந்து போவார்.

உரிமையைக் கேட்டுப் பெற்றவர்கள் நம் நாட்டிலும் உண்டு. 1992 ஆம் ஆண்டிலே வீதியோர மரம் ஒன்று காரின்மேல் விழுந்ததனால் நடக்கும் சக்தியை இழந்தவர் கலாநிதி அஜித் பெரேரா. சக்கர நாற்காலியில் இருந்தபடியே அவர் உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனுத் தாக்கல் செய்தார். பொதுக் கட்டடங்களை யாவரும் அணுகக்கூடியனவாக அமைப்பது பற்றிய 2006 ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகளுக்கு உயிர் கொடுக்கும் கட்டளையை 2011 ஏப்ரலிற் பெற்றார். 2020 ஆம் ஆண்டு அவர் காலமானார், கட்டளை நிற்கின்றது. 2024 ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலின்பின் பார்வையற்றவரான சுகத் வசந்த டி சில்வா அவர்கள் தேசியப் பட்டியல் மூலம் பாராளுமன்றம் சென்றார். நாட்டுக்குச் சட்டம் ஆக்கும் வேலையையே பார்வையற்ற ஒருவர் செய்யலாமென்றால், நம் சங்கக் கடையிலே தராசுப் பக்கம் இருக்கவும், தொலைபேசிக்குப் பதில் சொல்லவும் ஒருவருக்கு இயலாதா?

அன்பர்களே! புதிய சட்டம் வரவேண்டும் என்ற பேச்சுப் பல ஆண்டுகளாக நடந்து வருகின்றது. அது வரும்வரை நாம் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. மன்றத்தாருக்கு மூன்று யோசனைகளை வைக்கின்றேன்.

முதலாவது, காகிதம். ஒருவர் தொழிலாளி என்று காட்டும் சான்று இல்லாவிட்டால், நான் சொன்ன சட்டங்களைக் கேட்டுப் பெறுவது மலையைப் புரட்டுவது போலாகும். கடையிலும் கந்தோரிலும் வேலை செய்பவருக்கு வேலை விபரங்களை எழுத்திற் கொடுக்கவேண்டும் என்று 1954 ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கின்றது. ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழிலாளி 8 வீதமும் முதலாளி 12 வீதமும் செலுத்த வேண்டும். ஓர் ஆளை வைத்து வேலை வாங்கும் கடைக்காரரும் இதற்கு விலக்கல்லர். நிரந்தரமாக முற்றிலும் இயலாமற் போனவர், வயது வரும்வரை காத்திராமல் அப்பணத்தைப் பெறலாம். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, எழுதத் தெரிந்த இளைஞர் நாலுபேர் மன்ற மண்டபத்தில் அமர்ந்து, ஊரவரின் நியமனக் கடிதம், சேமலாப நிதி இலக்கம், வைத்தியசாலைத் துண்டு ஆகியவற்றைப் பார்த்து, வேண்டிய விண்ணப்பங்களை எழுதிக் கொடுத்தால் அது பெரிய தொண்டாகும்.

இரண்டாவது, நம் கையிலுள்ள வேலை. இம்மண்டபத்திலே கடை வைத்திருக்கும் பெரியோரும், ஆலை, தறி, வள்ளம் வைத்திருக்கும் பெரியோரும் இருக்கின்றீர்கள். சிறியவன் சொல்கின்றேன் என்று கோபிக்க வேண்டாம். உங்களிடம் வேலை செய்தவருக்கு நாளை ஒரு குறை நேர்ந்தால், அவருடைய இடத்துக்கு வேறு ஆளைத் தேடுமுன், "உன்னால் இப்போது எது இயலும்?" என்று அவரையே ஒருமுறை கேளுங்கள். சட்டம் இன்னும் கேட்கச் சொல்லாத கேள்வியை நீங்கள் கேட்டீர்களானால், சட்டத்துக்கு நீங்களே முன்னோடி.

மூன்றாவது, நம் வாசல். இம்மண்டபத்துக்கு ஏறும் படிகளை எண்ணிப் பாருங்கள். சக்கர நாற்காலியில் வரும் ஒருவர் இன்று இக்கூட்டத்துக்கு வர விரும்பியிருந்தால் எப்படி வந்திருப்பார்? ஒரு சாய்தளம் கட்டுவதற்குச் சில மூடை சீமெந்தும், நம் மேசன்மாரின் ஒரு நாள் உழைப்பும் போதும். அடுத்த ஆண்டு விழாவுக்குமுன் அதனைக் கட்டி முடிப்போமாக. அங்கவீனரைப் பற்றி அவர்கள் இல்லாத கூட்டத்திலே பேசும் வழக்கம் அதனோடு ஒழியட்டும்.